மொட்டுகள் இல்லம் ஒண்ணு குடுங்க

பள்ளிக்கூடம் படித்த காலம் முழுக்க நான் அநாதையாக இருந்தேன். என் அம்மா அப்போது எரியோட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் தக்காளி பறித்துக்கொண்டு, முருங்கைக்காயைக் கட்டுக் கட்டிக்கொண்டு, ஊரில் பாதிப் பேரோடு சண்டை போட்டுக்கொண்டு திடகாத்திரமாக இருந்தாள். அப்பா இறந்த பிறகு, கூலிக்குப் போகிறவள் பெண்பிள்ளையைத் தனியாக வீட்டில் விட்டுப் படிக்கவைக்க முடியாது என்று திண்டுக்கல்லில், நிலக்கோட்டை ரோட்டில் இருந்த ஒரு காப்பகத்தில் கொண்டுவந்து சேர்த்தாள். வேளாவேளைக்குச் சோறு, நடக்கிற தூரத்தில் பள்ளிக்கூடம், தலைக்கு எண்ணெய், எல்லாம் இருந்தது. வாசலில் ஒரு பலகையும் இருந்தது. ‘அநாதைக் குழந்தைகள் காப்பகம்’ என்று, வேகமாகப் போகிற லாரிக்காரர்கூட எழுத்துக்கூட்டாமல் படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில்.

பலகையோடு நின்றிருந்தாலாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். பஸ் நிறுத்தத்துக்கும் அதே பெயராகிவிட்டது. டவுன் பஸ் கண்டக்டருக்கு முழுப் பெயரையும் சொல்ல நேரமேது? “அநாதையெல்லாம் எறங்கு! வெரசா எறங்கு!” என்று விசில் ஊதுவார். அங்கே ஒரு வக்கீல் வீடு இருந்தது. வக்கீலும் அவர் மனைவியும் மாமியாரும் கட்டைப்பையோடு வரிசையாக அநாதைகளாக இறங்கி, சிரித்துப் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். அவர்களுக்கு அது உறைக்கவே இல்லை. எங்களுக்குத்தான் உறைத்தது. நான் ஒருமுறை கண்டக்டரிடம் நேருக்கு நேர் கேட்டே விட்டேன்: “எங்கம்மா உசுரோட இருக்காக, என்னைய எப்படி நீங்க அநாதைன்னு சொல்லலாம்?” அவர் ரொம்பச் சாந்தமாக, “அப்ப அடுத்த ஸ்டாப்புல எறங்கும்மா” என்றார்.

அம்மாவுக்கு என்னைவிடக் கோபம். மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வந்து பார்க்கலாம். எரியோட்டு பஸ்ஸில் திண்டுக்கல் வந்து, அங்கிருந்து டவுன் பஸ் பிடிப்பாள். ஆனால் எங்கள் நிறுத்தத்தின் பெயரை மட்டும் சொல்லவே மாட்டாள். “அந்த வார்த்தைய என் வாயால சொன்னா நான் செத்தவன்னுல்லடி அர்த்தம்” என்பாள். அதனால் முந்தின நிறுத்தத்துக்கு டிக்கெட் எடுப்பாள். முந்தின நிறுத்தம் சுடுகாடு. “சுடுகாடு ஒண்ணு குடுங்க தம்பி” என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி தெளிவாகக் கேட்டு வாங்கி, அங்கே இறங்கி, தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு வேகாத வெயிலில் நடந்து வருவாள். வியர்க்க விறுவிறுக்க வந்து உட்கார்ந்து, முதல் வேலையாக அந்தப் பலகையைத் திட்டிவிட்டுத்தான் தூக்குவாளியைத் திறப்பாள்.

பெயர் மாறியதற்குக் காரணம் ஒரு வெளிநாட்டு அம்மா. காப்பகத்துக்கு உதவி செய்கிற ஆள். தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள், சொல்லாமல் கொள்ளாமல் பார்க்க வந்துவிட்டார். வந்தது, முதல் ஞாயிற்றுக்கிழமை. வேப்பமரத்தடி முழுக்க அம்மாக்களும் அப்பாக்களும் அத்தைகளும் உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் பணியாரம் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாமா தன் அக்காள் மகளுக்கு முதுகில் பூசை வைத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, இவர்களெல்லாம் யார் என்று எங்கள் செயலரிடம் கேட்டார். செயலர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குப் போய்விட்டு அதே வெள்ளை வேட்டியோடு நேரே காப்பகத்துக்கு வருகிறவர், பொய் சொல்லத் தெரியாது.

“பெற்றோர்கள்” என்றார்.

“யாருடைய பெற்றோர்கள்?”

“அநாதைகளுடைய பெற்றோர்கள்.”

பக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்த சமையல்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவிட்டார். அந்த அம்மா ஊருக்குப் போன கையோடு, பெயரை மாற்றினால் நல்லது என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, முழுப்பரீட்சை லீவு விட்டபோதுகூட அம்புட்டு வந்ததில்லை.

பழைய பெயரை எடுக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. புதுப் பெயர் வைக்கத்தான் நிர்வாகக் குழுவுக்கு நாக்குத் தள்ளியது. அரிசி மண்டி வைத்திருந்த உறுப்பினர் தன் அப்பா பெயரை வைக்கலாம் என்றார். இன்னொருவர் அப்படியானால் எனக்கும் அப்பா உண்டு என்றார். பெரிய சண்டை. கடைசியில் செயலர், பிள்ளைகளையே கேட்போம் என்று எங்களை ஹாலில் உட்கார வைத்தார். நான் காத்திருந்தவள் மாதிரி எழுந்து, “அம்மா இருக்குற பிள்ளைகள் இல்லம்” என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். என் பக்கத்தில் படுக்கிற பாய்க்காரி மட்டும் தட்டவில்லை. அவளுக்கு உண்மையிலேயே யாரும் கிடையாது. “அப்ப எனக்கு மட்டும் வேற வீடு கட்டுவாகளா சார்?” என்று கேட்டாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், ஆனால் எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

செயலர் நாலு நாள் யோசித்து அவரே ஒரு பெயரைக் கொண்டுவந்தார். ‘மொட்டுகள் இல்லம்’. “நீங்களெல்லாம் மொட்டுகள். நாளைக்கு மலரப் போகிறவர்கள்” என்று தமிழய்யாக் குரலில் விளக்கினார். எங்களுக்குப் பேன் தொல்லைக்காக லீவில் மொட்டை அடித்து முடி அப்போதுதான் அரை விரல் வளர்ந்திருந்தது. நாங்கள் ஒருத்தி தலையை ஒருத்தி பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினோம். சமையல்காரம்மாதான் வெளிப்படையாகச் சொன்னார்: “சார், பேரு நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம இருக்குறது நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்குப் போற ரோடு. மொட்டுன்னு எழுதிப் போட்டா மல்லியப்பூக்காரன் மூட்டையோட வந்து நிப்பான் பாருங்க.” செயலர் அதைக் காதில் வாங்கவில்லை.

பலகை ஏறிய மறுநாளே வந்து நின்றார். விடிந்தும் விடியாததுமாக, டிவிஎஸ் வண்டியில் ஈரச்சாக்கைக் கட்டிக்கொண்டு ஒரு தோட்டக்காரர். நாங்கள் பல் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

“மொட்டு என்ன வெலைக்கு எடுக்குறீக?” என்று செயலரிடமே கேட்டார்.

“ஐயா, இங்கே மொட்டுகளை வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. வளர்க்கிறோம்.”

“அட, நாத்துப் பண்ணையா? அத மொதல்லயே எழுதிப் போட்டா என்ன? பூ வாடுதுல்ல!” என்று வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். ஒரு வாரத்துக்கு எங்களில் யார் எதைத் தப்பாகச் செய்தாலும், ‘நாத்து சரியில்ல’ என்று சமையல்காரம்மா சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. என் கவலையெல்லாம் அம்மாவைப் பற்றித்தான். பலகை மாறுவதற்கு முந்தின மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமையே அவளுக்குப் பாடம் எடுத்துவிட்டேன். அவளுக்கு எழுத்து தெரியாது, வாய்ப்பாடமாகத்தான் ஏற்ற வேண்டும். “இனிமே சுடுகாடுங்கிற பேச்சே எடுக்கக்கூடாது. வாய அலம்பிட்டு, மொட்டுகள் இல்லம் ஒண்ணு குடுங்கன்னு கேக்கணும். கேட்டு நம்ம வாசல்லயே எறங்கணும், வக்கீல் வீட்டம்மா மாதிரி.” அம்மா மொட்டுகள் இல்லம், மொட்டுகள் இல்லம் என்று சொல்லிப் பார்த்தாள். வாய் நிறைய இருக்கிறது என்றாள். போகும்போது வாசல்வரை சொல்லிக்கொண்டே போனாள்.

அடுத்த முதல் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து நான் வாசலிலேயே நின்றேன். அம்மா ராணி மாதிரி எங்கள் வாசலில் இறங்குவதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று பக்கத்துப் பாய்க்காரியையும் இழுத்து வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பஸ்ஸாக வந்தது. கண்டக்டர்கள் பலகையைப் பார்த்ததாகவே தெரியவில்லை, “அநாதையெல்லாம் எறங்கு” என்றே கத்தினார்கள். வக்கீல் வீட்டார் இறங்கினார்கள். அம்மா இறங்கவில்லை. சுடுகாட்டுப் பக்கமிருந்தும் யாரும் நடந்து வரவில்லை. மத்தியானம் எல்லோருடைய அம்மாக்களும் தூக்குவாளியைத் திறந்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவுக்கு மேலுக்கு முடியவில்லையோ, தோட்டத்தில் ஏதாவது கடித்திருக்குமோ என்று கண்டபடி நினைப்பு ஓடியது. அம்மா போய்விட்டால் அந்தக் கண்டக்டர் சொல்வது நிஜமாகிவிடுமே என்று நினைத்ததும் ரோட்டுவரை ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். பாய்க்காரி என்ன கண்டாளோ, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்து, பார்வை நேரமும் முடிந்தது. வாட்ச்மேன் கேட்டைச் சாத்தும்போது வெளியே சத்தம்.

“இங்க மொட்டை போடுறதில்லம்மா. பேரப் பாத்துட்டு வந்துட்ட. அதுவும் நீதான் ஏற்கெனவே போட்டிருக்கயே, இன்னும் என்ன?”

“யோவ், எம்பிள்ள உள்ள இருக்குய்யா! கதவத் தெறக்குறயா, ஏறிக் குதிக்கவா?”

குரல் அம்மாவுடையது. ஓடிப்போய்ப் பார்த்தால், முழு மொட்டை. தலை முழுக்க மஞ்சளாகச் சந்தனம், கையில் தூக்குவாளியும் பஞ்சாமிர்த டப்பாவும். இடுப்புவரை முடி வைத்திருந்தவள் அம்மா. வாட்ச்மேன் என் தலையையும் அவள் தலையையும் பார்த்துவிட்டு, “ஆமா, அம்மாதான்” என்று கேட்டைத் திறந்துவிட்டார்.

வேப்பமரத்தடியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்ததும் அம்மா கதையைச் சொன்னாள். பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ்ஸில் ஏறி, நான் சொல்லிக்கொடுத்தபடியே, “மொட்டுகள் இல்லம் ஒண்ணு குடுங்க தம்பி” என்று கேட்டிருக்கிறாள். கண்டக்டருக்கு விளங்கவில்லை.

“‘மொட்டையா? ஏம்மா, மொட்டை போடப் போறவுக டவுன் பஸ்ல ஏறி ஏன் உசுர வாங்குறீக? அந்தா நிக்கிது பாரு பழனி வண்டி’ன்னு அவரே கையப் பிடிச்சு ஏத்திவிட்டாருடி. நல்ல மனுசன்.”

“நீயும் ஏறிட்டயா?”

“பேரு மாறுனாப்புல எடமும் மாறிருச்சாக்கும்னு நெனச்சேன். பக்கத்துல ஒரு பழனிக்காரம்மா, ‘ஏனுங்க, மொட்டைக்குங்களா?’ன்னு கேட்டா. ஆமா தாயி, மொட்டுக்குத்தான்னேன். எம்பிள்ள அங்கதான் இருக்குன்னேன். அவளும், முருகன் நம்ம பிள்ளதானுங்களேன்னு கண்ணத் தொடச்சா. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல தக்காளிக் கூடையப் பாத்த பெறகுதான் எனக்கு உறைச்சுச்சு. நம்ம தக்காளி போற ஊருல்ல இது, இங்கிட்டு எதுக்கு வண்டி வருதுன்னு. சரி, போனதுதான் போனோம், ஒனக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப நேந்துக்கிட்ட மொட்டை பாக்கி கெடந்துச்சு, முடிச்சிட்டு, பழையபடி சுடுகாடுன்னே டிக்கெட் எடுத்து வந்துட்டேன்.”

சுற்றி நின்ற பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். சமையல்காரம்மா அடுப்படித் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். செயலருக்குக்கூடச் சிரிப்பு வந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு மட்டும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காலையிலிருந்து நான் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும்.

“சிரிப்பா சிரிக்கிறீக? காலைலருந்து ஒனக்கு என்னாச்சோ ஏதாச்சோன்னு செத்துப் பொழைச்சிருக்கேன். அந்தப் பழைய பேர ஒரே ஒரு தடவ சொல்லித் தொலைச்சிருந்தா என்ன? அந்த ஆளு கையப் பிடிச்சு நம்ம வாசல்ல எறக்கி விட்டிருப்பாருல்ல!” என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினேன்.

அம்மாவின் சிரிப்பு நின்றது. பஞ்சாமிர்த டப்பாவை ஓரமாக வைத்தாள்.

“அவரு கேட்டாருடி” என்றாள்.

“என்ன கேட்டாரு?”

“மொட்டையான்னு கேக்குறதுக்கு முன்னாடியே கேட்டாரு. ‘எதும்மா, அந்த அநாதப் பிள்ளைக இருக்குற எடமா?’ன்னு. நான் இல்லன்னுட்டேன்.”

“ஏம்மா இல்லன்ன?”

“பின்ன என்னத்தச் சொல்ல? தூக்குவாளியப் பிடிச்சுக்கிட்டு ஒன்னப் பாக்க வரத்தான நிக்கிறேன் நான், குத்துக்கல்லாட்டம். நிக்கயில, எம்பிள்ள அநாதையான்னு ஒருத்தன் கேக்குறான். ஆமான்னு நானே தலையாட்டவா?” சந்தனம் அப்பிய முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். “நீ சொல்லுடி. நான் சொன்னது பொய்யா?”

“இல்லம்மா” என்றேன்.