மல்லிகைத் தொட்டி ஏலமும் என் மகளின் பேட்டரி வண்டியும்

என் மகள் எஸ்தருக்கு இருபத்திரண்டு வயது. பிறந்ததிலிருந்தே அவளுக்கு இடுப்புக்குக் கீழே பலம் கிடையாது. சென்ற ஆண்டு தல்லாகுளத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. பொங்கல் கழிந்து வந்து சேரச் சொன்னார்கள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெருதான். ஆனால் வீல்சேரைத் தள்ள ஆள் இல்லை. நான் விடியுமுன்னே மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கமிஷன் கடை வேலைக்குப் போனால் மதியம்தான் வருவேன். என் மனைவி செல்விக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பேட்டரியில் ஓடும் வண்டி இருந்தால் எஸ்தர் தானே போய் வருவாள். அதன் விலையைக் கேட்டுவிட்டு வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

யாரிடமாவது உதவி கேட்கலாமே என்பீர்கள். கேட்க மாட்டேன். முன்பு ஒருவன் டிரஸ்ட் என்று சொல்லிக்கொண்டு வந்தான். எஸ்தரை அழுகிற முகமாக வைத்துக்கொள்ளச் சொல்லிப் போட்டோ எடுத்தான். அதைக் காட்டி ஊரெல்லாம் வசூல் செய்து தின்றான். எங்களுக்கு ஒரு தலையணைகூட வரவில்லை. அதற்குப் பிறகு யாராவது "பாப்பா எப்படி இருக்கா?" என்று கேட்டாலே, இவன் எதற்கு அடிபோடுகிறான் என்றுதான் பார்ப்பேன். மார்க்கெட்டும் அதைத்தான் கற்றுக்கொடுத்தது. பூவை நனைத்து எடை கூட்டுகிறவன், சொந்த ஆளை நிறுத்தி விலையை ஏற்றுகிறவன், எல்லாரையும் பார்த்தவன் நான்.

அப்போது நான் செய்த ஜெபம் இதுதான்: "ஆண்டவரே, நீரே கொடும். மனுஷன் கையில வாங்க வச்சிராதேயும்." தினமும் முழங்காலில் நின்று கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பொங்கல் நெருங்க நெருங்க ஆண்டவர் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது, காணிக்கையாக வரும் விளைச்சலை ஏலம் விடும் நாள். நான் செல்வியைக் கட்டி இந்தச் சபைக்கு வந்தவன். மார்க்கெட் வேலையால் பண்டிகை ஏலத்துக்கு ஒரு வருஷமும் நின்றதில்லை. அந்த முறை எஸ்தர் தான் வளர்த்த மல்லிகைத் தொட்டியைக் காணிக்கையாகக் கொண்டுவந்ததால் லீவு போட்டேன்.

பூசணி, வாழைத்தார், சேவல் எல்லாம் ஏலம் போயின. பிறகு எஸ்தரின் தொட்டி மேசைக்கு வந்தது. ஏலம் விட்டவர் ஓய்வுபெற்ற கண்டக்டர் தங்கராஜ் அண்ணன். ஆட்டோ ஓட்டும் ஜான்சன் நல்ல விலைக்கு எடுத்தான். எடுத்தவன் தொட்டியை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் மேசையிலேயே வைத்து, "திரும்ப விடுங்கண்ணே" என்றான். அடுத்து ஒரு டீச்சரம்மா எடுத்தார். அவரும் திருப்பி வைத்தார். மூன்றாம் முறை பார்த்தால் ஜான்சன்தான் மறுபடி விலையை ஏற்றுகிறான். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். எழுந்து மேசைக்கே போய்விட்டேன்.

"ஒரு தொட்டிய எத்தனை தரம்ணே விப்பீங்க? ஜான்சன் யாரு, நீங்க நிறுத்துன ஆளா? எம் மகளைக் காட்டி எம்புட்டு அடிக்கப் பாக்குறீங்க?"

செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். தங்கராஜ் அண்ணன் கோபப்படவில்லை.

"தம்பி, இது நம்ம சபை வழக்கம். நல்ல காரியத்துக்குன்னா, எடுத்தவங்க பணத்தையும் கட்டிட்டு பொருளையும் திருப்பிக் குடுப்பாங்க. இந்தத் தொட்டிக்கு வாரது அம்புட்டும் எஸ்தரோட வண்டிக்குத்தான். சொன்னா நீ குறுக்க நிப்பேன்னு செல்விதான் சொல்ல வேணாம்னுச்சு."

அப்போதாவது வாயை மூடினேனா? "பணத்தை யாரு வச்சிருக்கா?" என்றேன்.

"இந்தா, நீயே வந்து உக்காரு. நீயே வாங்கி வையி," என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

உட்கார்ந்தேன். தொட்டி போவதும் திரும்பி வருவதுமாக இருந்தது. ஒவ்வொருவரும் வந்து என் கையில் பணத்தை வைத்தார்கள். மனுஷன் கையே வேண்டாம் என்று ஜெபித்தவன், கை ஏந்தி வாங்கிக்கொண்டிருந்தேன். ஜான்சன் வந்தபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"விடுங்கண்ணே. எங்கம்மா படுக்கையில கெடந்தப்ப ஒரு சேவலை இப்பிடித்தான் சுத்தவிட்டாங்க. நானும் ஒங்கள மாதிரிதான் மொறைச்சுக்கிட்டு நின்னேன்," என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னாலும் அழுதேன்.

அன்றைக்கே முழுத்தொகையும் சேரவில்லை. குறைந்ததை வீடு வீடாகப் போய்க் கேட்டேன். நானேதான் கேட்டேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பொங்கலுக்கு முன்பே வண்டி வந்தது. என்னை யாரும் சந்தேகப்படக் கூடாதே என்று பில்லைச் சபைப் பலகையில் ஒட்டினேன். பழைய புத்தி அவ்வளவு லேசில் போகுமா?

வேலைக்குப் போன முதல் நாள், அவளுக்குத் தெரியாமல் பைக்கில் பின்னாலேயே போனேன். தெரு முனையில் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள்.

"வீட்டுக்குப் போங்கப்பா."

"ரோட்டுல கவுந்துட்டா என்னம்மா பண்ணுவ?"

"கவுந்தா யாராச்சும் தூக்கிவிடுவாங்கப்பா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்பான சபையாரே, கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார். நான் வேண்டாம் என்று தள்ளிய கைகளிலேயே பதிலை வைத்து அனுப்பினார். உங்களுக்கும் ஒரு தேவை இருக்கும். ஆண்டவரிடம் கேளுங்கள், யார் மூலம் அனுப்ப வேண்டும் என்று அவருக்கு யோசனை சொல்லாதீர்கள். மனிதரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் ஆராதனை முடிந்ததும் என்னிடம் வாருங்கள். உங்களுக்காக நானும் கூட வந்து கேட்கிறேன்.