எந்தத் தெரு என்று கேட்டார்கள்

மூன்று வருடங்களுக்கு முன் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், இலங்கையிலிருந்து வந்திருந்தார். அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நாங்கள் ஒன்றாக இருந்தது எனக்கு ஆறு வயது ஆகும்வரைதான். லயம் என்று சொல்லும் வரிசை வீட்டில் அடுத்தடுத்த அறைகள். அந்த நாடு சுதந்திரம் அடைந்ததும் தோட்டத்துத் தமிழர்களுக்குக் குடியுரிமை இல்லாமல் போயிற்று. பிறகு இரண்டு அரசாங்கங்களும் பேசி எங்களைப் பங்கு போட்டுக்கொண்டன. அப்பாவுக்கு இந்தியா விழுந்தது, பெரியப்பாவுக்கு இலங்கை.

இராஜபாளையத்தில் அப்பாவுக்கு நூல் மில்லில் வேலை கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் என்னை ‘சிலோன்காரன்’ என்றார்கள். அண்ணனின் பிறப்புச் சான்றிதழிலோ ‘இந்தியத் தமிழர்’ என்றிருக்கிறதாம். இதைச் சொல்லி இருவரும் சிரித்தோம்.

பூட்டன் இலங்கைக்குக் கிளம்பிப் போன ஊரைப் பார்க்க வேண்டும் என்றார் அண்ணன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறி, வ. புதுப்பட்டியைத் தாண்டி ஒரு கிராமத்தில் இறங்கினோம். டீக்கடைக்காரர் நல்ல மனிதர். டீக்குக் காசு வாங்க மறுத்தார். பூட்டன் பெயரைச் சொன்னதும் யோசித்தார்.

“அந்தப் பேரு இங்க ரெண்டு பக்கமும் உண்டுல்லா. அவிய மேலத்தெருவா, கீழத்தெருவா? சொன்னீகன்னா அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போறேன்.”

“நாங்க இலங்கைங்க” என்றார் அண்ணன்.

“அது சரி. இங்க எந்தத் தெரு?”

அண்ணன் என்னைப் பார்த்தார். பெரியப்பா அவரிடம் சொல்லவேயில்லை. எனக்குத் தெரியும். அப்பா ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார், கீழத்தெரு என்று. கடை பெஞ்சில் இன்னும் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் என் வாயையே பார்ப்பது போலிருந்தது.

“தெரியலீங்க” என்றேன். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டோம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

“அப்ப ஏன் அங்க சொல்லல?”

பயமா, வெட்கமா? வெட்கம் என்றால் யாரைப் பற்றி? அந்த டீக்கடைக்காரர் எங்களை அவமதிக்கவும் இல்லையே.

அண்ணன் தன் கதை ஒன்றைச் சொன்னார். சண்டை நடந்த காலத்தில் கொழும்புக்குப் போகும்போது பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்களாம். “ஆமிக்காரன் கார்டைப் பாத்துட்டு, யாழ்ப்பாணமா தோட்டமான்னு கேட்டான். தோட்டம்னு சொன்னேன். விட்டுட்டான். பக்கத்து சீட்டுல இருந்தவர் யாழ்ப்பாணம். என்கிட்ட பிஸ்கட் குடுத்தவரு. அவர இறக்கிட்டாங்க. பொய் சொல்லலதானே நான்? ஆனா அவர் முகத்த என்னால பாக்க முடியல.”

அவர் உண்மை சொல்லித் தவிக்கிறார், நான் பொய் சொல்லித் தவிக்கிறேன் என்று மட்டும் தோன்றியது.

மறுநாள் காலை அவர் அந்தக் கிராமத்துக்குத் தனியாகக் கிளம்பிப் போனார். கீழத்தெரு என்று சொல்லியிருக்கிறார். சொந்தம் என்று கண்டுபிடித்து ஒரு குடும்பம் சோறு போட்டது. சாயங்காலம் வந்தவரின் முகத்தில் சந்தோஷம் இருந்தது, முழுச் சந்தோஷமாக இல்லை.

“அங்க லயத்துல தெருவெல்லாம் கிடையாதாமே, எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழயாமேன்னு கேட்டாங்க. ஆசையாக் கேட்டாங்க. ஆமான்னுட்டேன்.”

“ஆமாதானே?”

“கூரை ஒண்ணுதான். கடைசி ரெண்டு அறைக்காரங்க நம்ம வீட்டுல தண்ணி குடிக்க மாட்டாங்க. அது ஏன்னு எனக்கு நேத்துத்தான் விளங்கிச்சு.”

அந்த வாரமே அவர் ஊர் திரும்பினார். அந்தக் குடும்பம் இப்போதும் அவரோடு போனில் பேசுகிறது. சித்திரை மாதக் கோயில் கொடைக்கு அவரை அழைத்திருக்கிறார்கள். ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் என்னைப் பற்றி அவர் அவர்களிடம் சொல்லவில்லை. நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று என் மனைவி கேட்கிறாள். யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.