பழைய வெள்ளை ஆறு திறந்த நாள்

பூச்சொன் ரயில் நிலையத்துக்குப் பின்னால், மூன்றாவது மாடியில், மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டரில் விளையாட விடும் கடை வைத்திருப்பவள் யொங்ரான். கணவனோடு சேர்ந்து தொடங்கிய கடை. கணவன் பாதியில் பிரிந்து போனான். கடையை மட்டும் அவள் விடவில்லை. ஒரு கை ராம்யொன் நூடுல்ஸ் கிளறும், மறு கை நாற்காலியில் தூங்குபவனைத் தட்டி எழுப்பும், வாய் எந்நேரமும் ஓடும்.

கொஞ்ச காலமாக ஈதான் ஓட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் எல்லாம் கைபேசியிலேயே விளையாடுகிறார்கள். கம்ப்யூட்டர்களை மொத்தமாக விற்றுவிடலாம் என்று தம்பி சங்குக் ஒரு பழைய சாமான் வியாபாரியிடம் பேசியிருந்தான். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அதே வெள்ளிக்கிழமை மாலைதான் 'வெள்ளை ஆறு' என்ற இணைய விளையாட்டை, இருபது வருடத்துக்கு முன்பு இருந்தபடியே, அதைச் செய்த கம்பெனி மறுபடி திறக்கப் போகிறது.

“புதுசே ஓடலை. தூசி தட்டிக் குடுத்தா யாரு வருவாங்கக்கா?” என்றான் சங்குக்.

“மண்டு! அன்னிக்கு இங்க உக்காந்து அதை ஆடின பசங்ககிட்ட பஸ்சுக்குத்தான் காசு இருந்துச்சு. இன்னிக்கு அவனுங்க எல்லாம் சம்பளக்காரனுங்கடா. புது ஆட்டம்னா கம்பெனி வருஷக்கணக்கா பணத்தைக் கொட்டணும். இது செஞ்சு வச்ச சாமான். கம்பெனிக்காரன் என்ன கிறுக்கனா?”

“அவன் இல்லக்கா, நீதான்.”

யொங்ரானின் வாய்தான் அப்படிப் பேசியது. கை கல்லாவில் இருந்த சில்லறையை மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மாலைவரை ஒரு காக்காய் குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. அலுவலகங்கள் விட்டதும் படியில் தடதடவென்று சத்தம். டை கட்டியவர்கள், தொப்பை போட்டவர்கள், மூச்சு வாங்குகிறவர்கள்!

“அக்கா, தெரியலையா? மின்சொப்! எங்கம்மா தேடி வந்தப்ப கழிப்பறையில ஒளிச்சு வச்சீங்களே!”

“அடப்பாவி! முடியெல்லாம் எங்கடா போச்சு?”

நாற்காலிகள் நிறைந்தன. திறக்கும் நேரம் வந்தது. ஆனால் திரையில் விளையாட்டு வரவில்லை. 'உங்களுக்கு முன்னால் முப்பதாயிரம் பேர் காத்திருக்கிறார்கள்' என்றுதான் வந்தது. எழுந்து போய்விடுவார்கள், கடை தொலைந்தது என்று யொங்ரான் நினைத்தாள்.

கடையே அதிரும்படி கைதட்டினார்கள்.

“அப்படியே இருக்குடா! அன்னிக்கும் இப்படித்தான் காக்க வச்சானுங்க!”

“அக்கா, இது இப்ப நகராது. ரெண்டு ராம்யொன், முட்டை போட்டு!”

“இங்க மூணு!”

மின்சொப்பின் மனைவி கைபேசியில் அழைத்தாள். “மீட்டிங்ல இருக்கேம்மா. பெரிய மீட்டிங். முப்பதாயிரம் பேரு,” என்றான் அவன்.

யொங்ரானுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எல்லா அடுப்பையும் பற்றவைத்தாள். இடம் கிடைக்காதவர்கள் படியில் நின்றார்கள். ஒருவரும் திரும்பிப் போகவில்லை. சங்குக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, வியாபாரி பதில் கேட்கிறான் என்று கைபேசியை நீட்டினான்.

“விக்கறதுக்கு ஒண்ணும் இல்லைங்க!” என்று கத்தினாள். “உங்க கடையில எத்தனை கம்ப்யூட்டர் கிடக்கு? அத்தனையும் ஏத்திக்கிட்டு வாங்க, இப்பவே!”