பாதியில் நின்ற கப்பல் கதை

உத்திரமேரூரை அடுத்த ஒரு நடுநிலைப் பள்ளியில் சுந்தரவல்லி தமிழாசிரியை. திருப்புட்குழிக் கோயில் குடும்பத்துப் பெண். 1959இல் எட்டாம் வகுப்புக்குத் துணைப்பாட நூல் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைத் தலைமையாசிரியர் பாண்டுரங்கன் அவளிடம் விட்டார். வந்த மாதிரிப் பிரதிகளில் முக்கால்வாசி நீதிக்கதைகள். ஒன்றை மட்டும் அவளால் கீழே வைக்க முடியவில்லை. அம்மாவிடம் சொல்லாமல் கப்பலேறிப் போன ஒரு பையனின் கதை. ஏரிக்கரையைத் தாண்டாத பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டிவிட வேண்டும் என்று அவளுக்கு அப்படியொரு தவிப்பு. அதையே பாடமாக்கினாள்.

வகுப்பில் பாதிக் கதை முடிவதற்குள் நாலைந்து பெற்றோர் வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவர் மாணவி கனகாவின் அப்பா வேதகிரி, விவசாயி.

“இன்னா டீச்சரம்மா இது? வூட்ட வுட்டு ஓடிப்போறதுதான் பாடமா? பசங்க கெட்டுப்பூடும்.”

“அவன் படற கஷ்டமும் அதுல இருக்குங்க. முழுசாப் படிச்சா புரியும்.”

“முழுசா ஒண்ணும் வாணாம். நிறுத்துங்க.”

பாண்டுரங்கன் பயந்துவிட்டார். மறுவாரமே நீதிக்கதைகள் வந்தன. பழைய புத்தகங்களைத் திரும்ப வாங்கியபோது, “அப்புறம் இன்னா ஆச்சு டீச்சர்?” என்று பிள்ளைகள் கேட்டார்கள். சுந்தரவல்லி புத்தகங்களை எண்ணி அடுக்கினாள். கனகாவின் புத்தகம் மட்டும் வரவில்லை.

பத்து நாள் கழித்து, பள்ளி விட்டபின் வேதகிரி தனியாக வந்தார். துண்டில் சுற்றிய புத்தகம் கையில்.

“எங்க மூத்தவன் முத்துவேலு பம்பாய்க்கு ஓடிப்போயி மூணு வருசம் ஆவுது டீச்சரம்மா. ஒரு கடுதாசி கெடையாது. கனகா இத்தப் படிக்கறப்போ, அவ அம்மா கேட்டுட்டு அழுதுகினே கீறா. மேக்கொண்டு படிக்க நான் வுடல.” தயங்கினார். “கடைசில அந்தப் பையன் திரும்பி வரானா?”

‘வருகிறான்’ என்ற பொய் சுந்தரவல்லிக்கு நாக்கு நுனி வரை வந்தது.

“வரலைங்க. அம்மாவுக்கு ஒரு லெட்டர் போடறான்.”

“அத்தப் படிங்க.”

தான் நன்றாக இருப்பதாகவும், நம் கொல்லைக் கிணற்றுத் தண்ணீரின் ருசி எந்தத் துறைமுகத்திலும் இல்லை என்றும் பையன் எழுதியிருந்தான். வேதகிரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கேட்டார்.

“இன்னொரு தபா.”

படித்தாள்.

“இது எங்க வூட்லயே இருக்கட்டுமா? கனகா அம்மாவும் கேக்கட்டும்.”

“வச்சுக்கோங்க.”

அவள் அங்கே வேலை பார்த்த வரையில் முத்துவேலிடமிருந்து கடிதம் வந்ததாகக் கேள்வியில்லை. கடைவீதியில் எதிர்ப்பட்டால் வேதகிரி கும்பிடுவார். அந்தப் பேச்சை எடுக்கமாட்டார். கனகாதான் ஒருநாள் சொன்னாள்:

“அம்மாவுக்கு அந்த லெட்டரு மனப்பாடம் டீச்சர். நான் ஒரு வார்த்த வுட்டுட்டாக்கூட கண்டுபுடிச்சிடுது.”