லிஃப்டுக்குக் காது வைத்தவர்

என் வீட்டுக்காரர் பதினாறு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். லிஃப்டில் ஏறினால் எல்லாரும் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொள்வார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டு சத்தம் கேட்பார். ஒருமுறை என் அக்கா வீட்டு லிஃப்டில் ஒரு மணி நேரம் மேலும் கீழும் போய்வந்தார். "உன் வீட்டுக்காரருக்கு ஏதாவது கோளாறாடி?" என்று அக்கா என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டாள்.

அந்தக் காதைத்தான் ஒரு பெட்டிக்குள் போட்டார். டிபன் டப்பா அளவுதான் இருக்கும். லிஃப்ட் கதவுக்கு மேலே ஒட்டிவிட்டால், சத்தம் மாறியதுமே "பழுதாகப் போகிறது" என்று போனுக்குத் தகவல் வந்துவிடும். வேலையை விட்டார், கம்பெனி தொடங்கினார். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பெட்டிக்கு ஸ்குரூ முடுக்கியதெல்லாம் நான். ஏழு கட்டடங்களில் மாட்டினார். ஏழும் இலவசம்! "தெரிஞ்சவங்ககிட்ட எப்படிக் காசு கேக்கிறது?" என்பார். மனிதருக்கு ஊரில் தெரியாதவர் ஒருத்தர்கூடக் கிடையாது.

சேமிப்பு கரைந்ததும் முதலீட்டாளர்களைத் தேடிக் கிளம்பினார். முதலாமவர் மார்க்கெட் சின்னது என்றார். இரண்டாமவர் டீம் இல்லையே என்றார். மூன்றாமவர் இவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டார். நாலாவது இடம்தான் கடைசி. அங்கேயும் கைவிரித்தால், திங்கட்கிழமை பழைய கம்பெனியில், இவரை "டேய் ஸ்பானர்" என்று கூப்பிடும் அதே சூப்பர்வைசர் முன்னால் போய் நிற்கவேண்டும். பழைய யூனிஃபார்மை இஸ்திரி போட்டு மடித்து வைத்தவள் நான்தான். மடிக்கும்போது அழுதேன், மறைப்பானேன்.

டீம் வேண்டுமாமே! என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஒன்பதாவது மாடி. லிஃப்டில் ஏறியதுமே அவர் கண் மூடியது.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் வேண்டாங்க" என்று கையைக் கிள்ளினேன்.

கண்ணாடி அறையில் குட்டைமுடி வைத்த ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். பணம் போடுவதா வேண்டாமா என்பது அவர் முடிவுதான். இவர் நன்றாகத்தான் ஆரம்பித்தார். மூன்றாவது ஸ்லைடில், சுவருக்கு அந்தப்பக்கம் லிஃப்ட் "கர்ர்" என்றது.

"ஒரு நிமிஷம் மேடம்" என்று பையிலிருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு போனவர்தான். பத்து நிமிஷமாக ஆளைக் காணோம்.

"திரும்பி வருவாரா?" என்றார் அந்த அம்மாள்.

"லிஃப்ட் சரியானா வருவார்."

"சரி, நீங்க சொல்லுங்க. உங்க மார்க்கெட் எவ்வளவு பெருசு?"

எனக்கென்ன தெரியும்? கோபம்தான் வந்தது. "லிஃப்ட் நின்னா ஒன்பது மாடி ஏறி மூச்சு வாங்குறவங்க அத்தனை பேரும்தான் மேடம். உங்களையும் சேத்து."

அவர் சிரித்துவிட்டார். எனக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது. அடுத்த கேள்வியில் அது போய்விட்டது.

"நல்ல பொருள்தான். காசு குடுத்து யாராவது வாங்கியிருக்காங்களா?"

"ஏழு கட்டடத்துல மாட்டியிருக்கோம் மேடம். ஏழும் சும்மாதான்" என்று உண்மையைச் சொன்னேன்.

"சும்மா குடுத்தா யாரு வேணும்னாலும் வாங்கிப்பாங்க. பையிலேருந்து காசை எடுக்கிறானான்னுதான் நாங்க பாப்போம். அப்படி ஒரே ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க, பேசலாம்."

இல்லை என்பதை நாகரிகமாகச் சொல்கிறார், அவ்வளவுதான். லேப்டாப், பை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வெளியே வந்தேன். இவரை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுகிற வேகம்.

லிஃப்ட் வாசலில் கறுத்த கைகளோடு ஸ்டூல்மேல் நின்றிருந்தார். கீழே கட்டட மேனேஜர், கையில் விரிசல் விட்ட கதவு உருளை ஒன்று.

"சாயங்காலத்துக்குள்ள கதவு சிக்கிக்கும்னாரும்மா. நான் நம்பல. திறந்து பாத்தா இப்படி இருக்கு!" என்று என்னிடம் காட்டினார். பிறகு இவரிடம், "இந்தப் பெட்டி என்ன விலை?" என்றார்.

இவர் வாயைத் திறந்தார். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியாதா? "சும்மா வெச்..." என்பதற்குள் ஸ்டூலை ஒரு ஆட்டு ஆட்டினேன். ஆள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாயை மூடினார்.

விலையை நான் சொன்னேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ரெண்டு லிஃப்டுக்கும் போட்டுடுங்க" என்று மேனேஜர் பர்ஸை எடுத்தார்.

"இங்க எடுக்காதீங்க!" என்று அவர் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனேன். கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளித் திறந்தேன்.

"மேடம், கூட்டிட்டு வந்துட்டேன். இப்போ எடுங்க சார்."

மேனேஜர் திருதிருவென்று விழித்தபடியே பணத்தை எண்ணினார். அந்த அம்மாள் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க. இனிமே பேச்செல்லாம் உங்ககிட்டதான்."

பின்னாலேயே கையைத் துடைத்துக்கொண்டு இவர் வந்தார். "மூணாவது ஸ்லைடுலதானே விட்டேன்?" என்றார்.