தூணுக்குப் பின்னால் நின்ற பஸ்

இன்று காலையிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

என் யுகேஜி பிள்ளைகளிடம் கலர் பேப்பரை வெட்டி ஒட்டி, மூன்று படத்தில் ஒரு கதை சொல்லச் சொன்னேன். காவ்யா தன் கதையையே சொன்னாள். முதல் படத்தில் அவளும் அம்மாவும் பூந்தமல்லியில் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். இரண்டாவதில் பெரிய மெட்ரோ தூண், அதன் பின்னால் பாதி மறைந்த குட்டி பஸ். தூண் மறைத்ததால் பஸ்ஸை விட்டுவிட்டார்கள். மூன்றாவதில் ஆட்டோ.

கிட்டே இருப்பது பெரிசு, பின்னால் இருப்பது மறையும். ஐந்து வயதில் அதை அவளே கண்டுபிடித்து ஒட்டியிருந்தாள். பள்ளி எக்ஸிபிஷனில் வைப்பதற்கு முன் வீட்டில் காட்டட்டும் என்று நேற்று கொடுத்தனுப்பினேன்.

இன்று அவள் அப்பா சிரித்துக்கொண்டே திருப்பித் தந்தார்.

"பஸ்ஸு பாதிதான் தெரிஞ்சிச்சு மிஸ். நானே பிச்சி, தூண் மேல முழுசா ஒட்டிக்கினு வந்தேன். இப்போ நீட்டா கீதுல்ல?"

"கொழந்தை ஒட்டினதுல கை வைக்க உங்களை யாரு சார் சொன்னது?" என்று கத்தியேவிட்டேன்.

"நாளைக்கு எக்ஸிபிஷன்ல நாலு பேர் பாப்பாங்க இல்ல மிஸ்?"

காவ்யா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸு முன்னாடியே நிக்குதேப்பா. அப்புறம் நாங்க ஏன் ஆட்டோல போனோம்?"

அந்த நாலு பேரில் யாராவது இதைப் படித்தால், அவளுக்குப் பதில் சொல்லிவிட்டுப் போங்கள்.