சாவிக்காரர் வீட்டுச் சாவு

என் தங்கச்சி புருஷனுக்குத் தெருவுல ரெண்டு பேரு. முகத்துக்கு நேரா சாவிக்காரர், முதுகுக்குப் பின்னாடி அவசரம். நான் ரெண்டாவதை அவர் முகத்துக்கு நேராவே சொல்லுவேன், எனக்கென்ன பயம்.

கோயிலோட மூணு சுத்துக்கும் உள்ள சாவி முப்பத்தோரு வருஷமா அவர் இடுப்புலதான். உள்சுத்து முதல்ல கட்டினது, அம்மன் சந்நிதி அப்புறம் வந்தது, வெளிமதில் கடைசின்னு வர்றவங்ககிட்ட எல்லாம் அளப்பார். எந்த ராஜா கட்டினதுன்னு கேட்டா மட்டும் இருமல் வந்துடும். ஆனா ஒரு முறையில மட்டும் அசையமாட்டார். மதிலை ஒட்டின நாலு தெருவுல எந்த வீட்டுல பிணம் கிடந்தாலும், அதை எடுக்குறவரைக்கும் நடை திறக்கக் கூடாது, பூசை கிடையாது. எடுத்த பிறகு தெருவைக் கழுவி, குருக்கள் குளிச்சுட்டு வந்து பெரிய மணி அடிப்பார்.

சாவு வீட்டு வாசல்ல போய் நின்னு, "சாமி பட்டினியா இருக்கு, சீக்கிரம் எடுங்க"ன்னு சொல்றதும் இவர்தான். போன வருஷம் எதிர்வீட்டுத் தையல்காரர் சம்சாரம் செத்தப்ப, வெளியூர்ல இருந்து மகன் வர்றதுக்குள்ள எடுக்க வெச்சுட்டார். அந்தப் பையன் வந்து வெறும் பாயைப் பார்த்துட்டு உட்கார்ந்துட்டான்.

அப்புறம் ஒரு நாள் விடியற்காலையில என் தங்கச்சியே போயிட்டா.

அவளுக்கு ஒரே பொண்ணு, தூரத்துல வேலை. போன்ல, "பெரியம்மா, பஸ் ஏறிட்டேன். அம்மா முகத்தை ஒரு தடவை பாக்கணும், எடுத்துடாதீங்க"ன்னா. "நான் இருக்கேன்டி, வா"ன்னேன்.

மணி பத்தாச்சு. கோயில் வாசல்ல தட்டும் தேங்காயுமா கூட்டம். தீட்டுக்காரர் உள்ளே போகக் கூடாதுன்னு, இவர் சாவிக்கொத்தைப் படியில வெச்சுட்டு வந்து, "எடுத்துடலாம்"னார்.

"உமக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா? பெத்த பொண்ணுய்யா"ன்னு கத்தினேன்.

தையல்காரரே எழுந்து வந்தார். "பொறுங்க சாவிக்காரரே. பொண்ணு வந்து பாக்கட்டும். நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன்."

இவர் அவரை நிமிர்ந்து பார்க்கல. "உங்க பையன் பாக்கலையே"ன்னார். "என் வீட்டுக்கு மட்டும் தனி முறையா? எடுங்க."

நான் குறுக்கே விழுந்திருக்கலாம். வாய்தான் பேசினேனே தவிர, விழல. முப்பத்தோரு வருஷம் அந்தத் தெருவுல எல்லாரும் கட்டுப்பட்டதுக்கு நானும் கட்டுப்பட்டுட்டேன்.

மயானத்துலயாவது பொறுத்திருக்கலாம். அங்கே பின்னாடி இன்னொரு சாவு காத்துக்கிட்டு நின்னுச்சாம். தீ வெச்சுட்டு ஈர வேட்டியோட அவர் வீட்டுக்குள்ள நுழையும்போது பெரிய மணி அடிச்சுது. தெருவே கோயிலைப் பார்த்து ஓடுச்சு.

கொஞ்ச நேரத்துல பொண்ணு பையோட நடந்து வந்தா. மணிச் சத்தம் கேட்டதும் தெருமுனையிலயே ஆட்டோவை நிறுத்தச் சொல்லிட்டாளாம். அந்தத் தெருவுல பிறந்தவளுக்கு அந்த மணி எதுக்குன்னு யாரும் சொல்லணுமா.

அழல. அப்பா முன்னாடி வந்து நின்னா.

"வர்ற வழி முழுக்க, நான் வர்றவரைக்கும் அந்த மணி அடிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே வந்தேம்ப்பா. உங்க சாமிகிட்டதான் வேண்டினேன்."

அவர் கை இடுப்புல சாவியைத் தேடுச்சு. அது அங்கே இல்ல.